வழியும் வீடும்

மகளின் கல்யாணப் பத்திரிகையோடு ராயபுரம் முதல் எண்ணூர் வரை பத்து வீடுகளுக்குப் போக வேண்டும். எதற்குப் பின் எது? கணக்குப் போட்டேன்: 36,28,800 வரிசைகள்! தலை சுற்றியது.

மனைவிக்குச் சுற்றவில்லை. "நேரே வடக்கே போகிற வழிதான் கையில் இருக்கிறதே! ராயபுரம், எண்ணூர், திரும்பத் தண்டையார்பேட்டை, அப்புறம் திருவொற்றியூர் என்று தொடங்கினால் நாலு வீட்டிலேயே அதைவிடத் தூரமாகிவிடும்" என்றாள். மிச்சம் ஆறு வீட்டைப் பார்க்காமலே 720 வரிசைகள் விழுந்தன.

இந்த யுக்தியைத்தான் 1960-ல் லண்டனில் ஐல்ஸா லாண்ட், அலிசன் டாய்க் என்ற இரு பெண்மணிகள் கணிதமாக்கினார்கள். 1963-ல் நம் நாட்டுக் கட்டா மூர்த்தி உள்பட நால்வர், ஊர் சுற்றும் வியாபாரியின் வழிக்கு இதைப் பிரயோகித்து, 'பிராஞ்ச் அண்ட் பவுண்ட்' என்று பெயரிட்டார்கள்.

"எண்ணூர்த் தம்பி வீட்டை விட்டுவிட்டால் கணக்கு இன்னும் சுலபம்" என்றேன், பழைய கோபத்தில்.

"வழியை வெட்டலாம்; வீட்டை வெட்டக் கூடாது" என்றாள்.

எண்ணூரில் கதவைத் தட்டியது நான்தான்.