ஏழு வோல்ட் எங்கே போச்சு?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைய இரண்டு தகுதிகள் வேண்டும். பக்கவாட்டில் நடக்கத் தெரிய வேண்டும். ‘என்ன சார் வேணும்?’ என்று நாலு பேர் வழிமறித்தாலும் ‘சும்மா பார்க்கிறேன்’ என்று சொல்லும் நெஞ்சுரம் வேண்டும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். பெயர்தான் ஒரு தெரு. சரக்கு நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று வழிந்து ஓடுகிறது. வாசலில் செல்போன் கவர், சி.சி.டி.வி. கேமரா. உள்ளே போகப் போக சாமான்கள் சிறிசாகிக்கொண்டே வந்து, கடைசியில் மிளகு சைஸுக்கு வந்து நிற்கும்!

போன மாதம் அக்கா பையனோடு போயிருந்தேன். பாலிடெக்னிக் மாணவன். தெருமுனை தள்ளுவண்டி இட்லிக் கடைக்கு எழுத்து ஓடும் எல்.இ.டி. போர்டு செய்து தருவதாக 800 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிட்டான். முதல் சம்பாத்தியம். போர்டும் ஓடியது... பத்து நிமிஷம். அப்புறம் ‘சூடான’ என்று வரும், அணைந்துவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி ‘சூடான’. இட்லி வரவே இல்லை. ‘ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பணத்தைக் கொடுத்துடு தம்பி’ என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டார். பணம் ஏற்கெனவே செலவாகியிருந்தது.

“7805 போயிடுச்சு மாமா. வேற வாங்கணும்.”

ரெகுலேட்டர் என்றால் எனக்குத் தெரிந்தது காஸ் சிலிண்டரும் மின்விசிறியும்தான். இது கட்டைவிரல் நகத்தளவு கறுப்புச் சில்லு, முதுகில் தகரம், மூன்று கால். எழுத்து நம்மைப் பார்க்க வைத்தால், இடது காலில் மின்சாரம் உள்ளே, நடுக்கால் கிரவுண்ட், வலது காலில் 5 வோல்ட் வெளியே. அந்த 78 குடும்பப் பெயர், 05 அது தரும் வோல்ட். 7812 என்றால் 12.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “எதுல போடறே?”

“12 வோல்ட் பாட்டரி சார்.”

“எவ்ளோ இழுக்குது?”

“அரை ஆம்பியர்.”

“அது சாகலை தம்பி, மூர்ச்சை போட்டிருக்கு! ரொம்ப சூடானா தானே நிறுத்திக்கும். ஆறினா எழுந்துக்கும்.”

பிறகு நடந்தது எனக்கே புரிகிற கணக்கு. பி.காம். வீண் போகவில்லை. வரவு 12, பற்று 5. மிச்சம் 7 வோல்ட் எங்கே போச்சு? அவ்வளவும் சூடு. ஏழை அரை ஆம்பியரால் பெருக்கினால் மூன்றரை வாட். வெறும் சில்லுக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும் என்கிறது தயாரிப்பாளர்களின் அட்டவணை. சென்னை வெயிலை அதன் மேல் கூட்டிக்கொள்ளுங்கள்.

“ஸ்விட்சிங் மாட்யூல் போட்டா சூடே இருக்காதே சார்?” என்றான் பையன்.

“போடலாம். பாட்டரியும் ரெண்டு மடங்கு வரும். ஆனா நீ சொல்றதுல ஒரு திருகு இருக்கும். வண்டியில யாராவது அதைத் திருப்பி வெச்சா உன் போர்டு புகைஞ்சிடும். இதுல திருப்ப எதுவும் கிடையாது. பாட்டரி எத்தனை ஆம்பியர்-அவர்?”

“ஏழு.”

“கடை எவ்ளோ நேரம்?”

“நாலு மணி நேரம்.”

“ரெண்டுதானே செலவு! இதுவே போதும். ஹீட் சிங்க் போடு.”

விற்க வாய்ப்பிருந்தும் விலை கூடின சரக்கை எடுத்துக் காட்டாத வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். விரல் நீள அலுமினியச் சீப்பு ஒன்றும், தடவ வெள்ளைப் பசையும் கொடுத்தார். உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டர்களை காலை ஒட்டியே வைக்கச் சொன்னார். தள்ளி வைத்தால் வோல்ட் ஆடுமாம். முதுகுத் தகரமும் நடுக்காலும் ஒன்றுதான், எனவே பாட்டரியின் பாசிட்டிவ் அதில் பட்டுவிடக் கூடாது. ‘7905-ஐ மாத்தி எடுத்துடாதே, அது மைனஸ், கால் வரிசையே வேற’ என்று ஒரு போனஸ். மொத்த பில் இரண்டு பேர் காபிச் செலவுக்குள் அடங்கியது.

பழைய சில்லையே சீப்பில் முடுக்கினான். ஞாயிறு சாயங்காலம் ‘சூடான இட்லி வடை’ என்று முழுசாக ஓடியது, கடை மூடும் வரை. வண்டிக்காரர் பாக்கியை எண்ணிக் கொடுத்துவிட்டு, “நடுவுல ‘சாம்பார்’னு ஒண்ணு சேர்க்கலாமா தம்பி?” என்றார்.

பையன் சீப்பைத் தொட்டுப் பார்த்தான். “எழுத்துதானே ஓடுது அண்ணே... சேர்க்கலாம். பெரிய போர்டு மட்டும் கேட்காதீங்க.”