போடிமெட்டில் நான் வாங்கிய பல்பு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். இப்ப எழுத வந்ததும் ஒரு ஆணியைப் பத்தித்தான். ஆனா இது நிஜ ஆணி. போன மாசம் என் கார் டயர்ல இருந்துச்சு.

கதையை முதல்லேர்ந்து சொல்லிடறேன். காருக்கு வயசு எட்டு. நாலு சக்கரத்துக்குள்ளயும், காத்து அடிக்கிற வால்வோட சேர்ந்து ஒரு குட்டி சென்சார் இருக்கு. டயர்ல எவ்வளவு காத்து இருக்குன்னு ரேடியோ அலையில வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்லும். காத்து கால்வாசி குறைஞ்சா டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு எரியும். குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவுல ஆச்சரியக்குறி. அதுக்குள்ள இருக்கற பேட்டரியை மட்டும் தனியா மாத்த முடியாது. பேட்டரி செத்தா சென்சாரையே மாத்தணும். ஒண்ணு பின்னால ஒண்ணா மண்டையைப் போட ஆரம்பிக்க, ஒரு டயர் கடையில நாலையும் புதுசா மாத்தினேன்.

மாத்தின பிறகும் விளக்கு அணையலை. வண்டியைக் கிளப்பினதும் ஒரு நிமிஷத்துக்கு மேல கண்ணடிக்கும். அப்புறம் நின்னு எரியும். கடைக்குப் போன் போட்டா, "ஓட்டுங்க சார், ஓட ஓட தானா அணைஞ்சிடும்"னாங்க. ஓட்டினேன். அணையலை. நாலு நாள்ல அந்த விளக்கு என் கண்ணுக்கே படாமப் போச்சு. ஓடாத சுவர்க் கடிகாரத்தை யாரு பாக்கறா?

அந்த வாரம் பூப்பாறையில சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். அம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்பினேன். போடி தாண்டி முந்தல் வந்தா மலை ஆரம்பம். மேல போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. போகும்போது ஒண்ணும் தெரியலை. திரும்பி வரும்போது சாயங்காலம் மெட்டுல டீ குடிக்க நிறுத்தினேன். ஏலத்தோட்டத்துல வேலை முடிச்ச ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஒரு ஜீப்பும் பக்கத்துல வந்து நின்னுச்சு. அதோட டிரைவர், வயசானவர், என் வண்டியைச் சுத்தி வந்து பாத்தார்.

"தம்பி, பின்னாடி இடது சக்கரம் அமுங்கியிருக்கே, பாத்தீங்களா?"

"அது ஒண்ணுமில்லண்ணே, சென்சார் மாத்தினேன், அதான் விளக்கு எரியுது. குளிர்ல காத்து வேற கொஞ்சம் குறையும்ல?"

"நான் விளக்கைச் சொல்லலை தம்பி. சக்கரத்தைச் சொல்றேன்."

ஜீப்புலேர்ந்து மீட்டரை எடுத்து வச்சுப் பாத்தார். 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர்ல 18. ரப்பர்ல ஆணித் தலை பளபளன்னு தெரிஞ்சுது. அம்மா உள்ள உக்காந்துக்கிட்டு, "ஏண்டா, இருட்டறதுக்குள்ள இறங்க வேணாமா?"ன்னு கேக்கறாங்க. காத்து இல்லாத டயர் மலை இறக்கத்துல வளைவுக்கு வளைவு மடங்கும், சூடேறும், சமயத்துல ரிம்மை விட்டே கழண்டுக்கும். எனக்குக் கை நடுங்கிருச்சு. அவரே ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாத்திக் குடுத்தார். காசு வாங்கலை, டீ மட்டும் குடிச்சார்.

ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். வெப்பம் பத்து டிகிரி குறைஞ்சா டயர்ல ஒண்ணரை, ரெண்டு பி.எஸ்.ஐ. குறையும். ஆனா ஆயிரம் மீட்டர் மேல ஏறினா வெளிக்காத்தோட அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையுது. அதனால கை மீட்டர்ல பெருசா வித்தியாசமே தெரியாது. விளக்கு எரியணும்னா எட்டு பி.எஸ்.ஐ. போகணும். மலைக்குளிர் மேல நான் போட்ட பழி சுத்தப் பொய்.

மறுநாள் தேனியில வேற ஒரு கடை. அந்தத் தம்பி ஒரு கருவியை ஒவ்வொரு வால்வு கிட்டயும் காட்டினான். சென்சாருங்க நல்லாத்தான் வேலை செஞ்சுதுங்க. விஷயம் என்னன்னா, ஒவ்வொரு சென்சாருக்கும் தனி நம்பர் உண்டு. வண்டியோட கம்ப்யூட்டர்ல பழைய நாலு நம்பர்தான் இருந்துச்சு. புதுசுங்க கூப்பிடக் கூப்பிட, 'நீ யாரு?'ன்னு அது கண்டுக்கவே இல்லை. புது நம்பர்களை ஏத்தினதும் விளக்கு அணைஞ்சிருச்சு. பத்து நிமிஷ வேலை.

சென்சார் மாத்தப் போற மக்களுக்கு, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது:

1. கண்ணடிச்சிட்டு நின்னு எரிஞ்சா சென்சார் கோளாறு. எடுத்த எடுப்புல நின்னு எரிஞ்சா காத்து குறைவு. ஆனா கோளாறு இருக்கும்போது நிஜமாவே காத்து இறங்கினாலும் அதே விளக்குதான் எரியும். 'புலி வருது' கதைதான்!

2. புது நம்பரைப் பதிஞ்சாச்சான்னு கடையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே கேளுங்க. சில வண்டி தானாக் கத்துக்கும். அதுக்கும் சமவெளி ரோட்டுல கொஞ்ச நேரம் வேகமா ஓட்டணும். மலைப்பாதையில ஊர்ந்தா சென்சார் முழிச்சுக்கறதே சந்தேகம்.

3. அமெரிக்காவுல 315 மெகாஹெர்ட்ஸ் சென்சார் நிறைய. நம்ம ஊரு வண்டிக்குப் பொதுவா 433. மச்சான் அங்கேர்ந்து வாங்கிட்டு வர்றேன்னா மாடலைச் சரிபாத்துட்டு வாங்கச் சொல்லுங்க.

4. ஸ்டெப்னியில சென்சார் இல்லேன்னா, அது மாட்டியிருக்கற வரைக்கும் விளக்கு எரியத்தான் செய்யும்.

5. நூத்தம்பது, இருநூறு ரூபாய்க்கு ஒரு கை மீட்டர் வாங்கி டேஷ்போர்டுல போட்டு வைங்க.

இப்ப விளக்கு எரியலை. ஆனாலும் மெட்டுல டீ குடிச்சா, நாலு சக்கரத்தையும் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் வண்டியில ஏறறேன். அம்மாகிட்ட வெறும் பஞ்சர்னு மட்டும்தான் சொன்னேன், அந்த 18-ஐச் சொல்லலை. அவங்க பதிவெல்லாம் படிக்கறதில்லை. நீங்களும் போட்டுக் குடுத்துடாதீங்க, சாமிங்களா!