பழந்துவக்கும் அதன் பூர்வீகமும்

துப்பாக்கியைத் துவக்கு என வழங்கும் மட்டக்களப்பு மண்ணுக்கும் ஐரோப்பியத் துவக்குக்கும் உள்ள உறவு நீண்டது. 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கடற்றளபதி ஸ்பில்பேர்கன் இக்கரையில் இறங்கியே விமலதர்மசூரிய மன்னனைக் காணக் கண்டி சென்றான். மறு ஆண்டு வந்த செபால்ட் டி வேர்ட் இப்பகுதியிலே கொல்லப்பட்டான். 1628இல் புளியந்தீவில் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை 1638 மே 18இல் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் கைப்பற்றினர். நெடுங்காலம் கச்சேரி இயங்கிய அக்கோட்டையில் பழம் பீரங்கிகளை இன்றும் காணலாம்.

ஆயினும், இக்கரையில் கைத்துப்பாக்கி சேகரிக்கும் மரபு வேரூன்றுதல் எளிதன்று. வாவியின் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்கும். இவற்றினும் பெரிது, 2009 வரை நீடித்த போர். ஆயுதம் என்ற சொல்லே உயிருக்கு உலைவைத்த அந்நாட்களில், பாட்டனார் பெட்டியில் துருப்பிடித்துக் கிடந்த கைத்துப்பாக்கியைக் கலைப்பொருள் என்று யார் யாருக்கு விளக்கியிருக்க முடியும்? எனவே இத்துறையில் ஆர்வமுடையார் சேகரிப்போராக அன்றி, நூதனசாலைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நோக்குவோராகவே பெரும்பாலும் இருத்தல் கூடும். அதில் இழுக்கொன்றும் இல்லை. கண்ணைப் பழக்குதற்கு உடைமை வேண்டுவதில்லை.

பழகிய கண் முதலில் நாடுவது பொறித்த பெயரையன்று. வாங்குவோனை மயக்குவது பெயரே. ஏமாற்றுவோன் எளிதிற் பொறிப்பதும் அதுவே. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரை (தூத்துக்குடிக் கப்பலோட்டிய வ. உ. சி.யோடு மயங்கற்க!) பிற்காலத்தில் பல பொருள்களில் வெட்டப்பட்டது. மரமும் இரும்பும் கூடும் இடத்தை நோக்குதல் நன்று. நல்ல கம்மியன் செய்த படைக்கலத்தில் பொறித்தகடு மரத்துள் நகம் நுழையாவண்ணம் பதிந்திருக்கும். கையால் அராவிய திருகாணியின் புரிகள் எந்திரத்தில் வெட்டியவைபோல் ஒரே சீராக இரா.

அடுத்து நோக்கத்தக்கது சோதனை முத்திரை. குழலில் மிகுமருந்திட்டு வெடித்து, பிளவுறாது நின்றதற்கு இடும் சான்று அது. இலண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கம் 1637இல் அரசுப் பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் அமைந்தது. அவ்வாறாயின், 1750இல் செய்தது எனச் சொல்லி விற்கப்படும் குழலில் பேர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரை இருக்குமாயின், கதையை நம்புவதா, இரும்பை நம்புவதா?

தீமூட்டும் பொறியும் இவ்வாறே காலம் சொல்லும். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிய முறைக்குப் பின், 1807இல் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் போர்சித் காப்புரிமை பெற்ற அடித்து வெடிக்கும் முறை வந்தது. பல பழந்துவக்குகள் புதுமுறைக்கு மாற்றப்பட்டன. அவற்றுட் சில, பழமைக்கு விலை கூடிய நம் காலத்தில், மீண்டும் சக்கிமுக்கிக்கே திருப்பப்பட்டன. பளபளக்கத் தேய்த்தல் இன்னொரு கேடு. முத்திரையும் காலத்தின் நிறமும் அத்தேய்ப்பிலே போய்விடும்.

இலங்கைத் துவக்கில் இவ்வளவைகள் மட்டும் போதா. போர்த்துக்கேயரிடம் கண்ட பொறியை உள்ளூர்க் கம்மியர் தமதாக்கிக் கொண்டனர். சிங்களத் துவக்குகளிற் பல, ஐரோப்பிய வழக்கத்துக்கு மாறாக, பொறியை இடப்பக்கத்தே கொண்டவை. அடிக்கட்டை இரண்டாகப் பிளந்திருக்கும். கற்றவன் கற்பித்தவனைப் படியெடுக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பூர்வீகம் என்பது செய்தவன் பெயரோடு முடிவதன்று என்பதை லேவுக்கே பீரங்கி காட்டும். லேவுக்கே திசாவை 1745இல் கண்டி மன்னனுக்கு அளித்த சிறு பீரங்கி அது. வெள்ளியும் பொன்னும் இரத்தினக் கல்லும் பதித்தது. அதன் அலங்காரம் கண்டிக் கைவினை. வடிவமோ ஐரோப்பியப் பீரங்கியினுடையது. 1765இல் ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது அது கொள்ளைபோய், பின் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்தது. இருநாட்டு ஆய்வாளரும் அது கைமாறிய வழியைத் தேடித் துலக்கினர். 2023இல் அது வேறு ஐந்து பொருள்களோடு கொழும்புக்கு மீண்டது. அவ்வைந்தனுள் இரண்டு மதிற்றுப்பாக்கிகள். வேலைப்பாட்டின் நேர்த்தி அன்றும் இன்றும் ஒன்றே. ஆனால் யார் கையிலிருந்து எவ்வாறு பறிபோயிற்று என்ற வினாவுக்கு விடை கிடைத்ததும், கண்ணாடிப் பேழையின் இடம் ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிற்று.

வாவிக்கரை வீடொன்றில் நாளை ஒரு கைத்துப்பாக்கி வெளிப்படுமாயின், அதைக் காண்போர் செய்யத்தக்கது தேய்ப்பதும் விலை கேட்பதும் அன்று. சட்டப்படி அறிவித்தல் முதல் வேலை. அடுத்தது, வீட்டின் மூத்தோர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுதல். தச்சும் இரும்பு வேலையும் தலைமுறை தலைமுறையாய்க் கைவந்த பறங்கியர் குடும்பங்கள் வாழும் ஊர் இது. பொறியின் உடைந்த வில் எங்கே, யார் பட்டறையில் மாற்றப்பட்டது என்ற ஒரு வரி, குழலிற் பொறித்த ஐரோப்பியப் பெயரினும் அரிய செய்தியாதல் கூடும். இரும்பு இன்னும் நூறாண்டு கிடக்கும். அவ்வரியைச் சொல்லவல்ல முதியவருக்கு எண்பது கடந்திருக்கும்.