பூஜ்யத்தில் நில்லாத முள்

சில வருஷங்களுக்கு முன் பள்ளிச் சோதனைச்சாலையில் ஒரு மாணவனுக்கு நாம் அநீதி செய்துவிட்டோம். மின்னோட்டத்தைப் பற்றி அவன் எழுதிக் காட்டிய அளவுகள் எல்லாம் பிசகாயிருந்தன, மார்க்கைக் குறைத்தோம். பையன் வாய் திறக்கவில்லை. மாலையில் கம்பிகளைக் கழற்றி வைக்கும்போதுதான் கண்டோம்: அவன் பங்குக்கு வந்த அம்மீட்டரின் முள், மின்சாரமே இல்லாதபோதும் பூஜ்யத்துக்கு இரண்டு கோடு மேலே நின்றது! மறுநாள் மார்க்கைத் திருத்தினோம். அவன் முகத்தை நேரே பார்க்க நமக்குத்தான் கூச்சமாயிருந்தது.

ஸர் சி. வி. ராமன் 1948-ல் பெங்களூரில் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிலையம் 'போலிக்ஸ்' கருவியை உருவாக்கிய வரலாற்றைப் படித்தபோது அந்த முள்தான் நினைவுக்கு வந்தது. 2024 ஜனவரி 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்போசாட் என்னும் செயற்கைக் கோளில் அது ஏறிச் சென்றது. வானிலிருந்து வரும் 8 முதல் 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையுள்ள எக்ஸ்-ரே கிரணங்கள் அதன் பெரிலியம் தகட்டில் பட்டுச் சிதறும். சுற்றிலும் உள்ள நான்கு வாயு எண்ணிகள் அவற்றை எண்ணும். கிரணத்தின் அதிர்வு ஒரே திசையில் ஒழுங்குபட்டிருந்தால், அத்திசைக்குக் குறுக்கே அதிகமாய்ச் சிதறும். ஆகவே எண்ணிக்கை திசைக்குத் திசை வேறுபடும்.

மேலே போன பிறகு முள்ளைத் திருப்ப ஆள் அனுப்ப முடியுமா? எல்லாவற்றையும் பூமியிலேயே பரீட்சித்துவிட வேண்டும். இத்தகைய சோதனைச்சாலைக்கு வேண்டிய சாமான்களைக் கேட்டால் நமது பள்ளி நிர்வாகிகள் மயங்கி விழுவார்கள்! வாயுக் கலத்தில் காற்றில்லாமற் செய்யும் பம்பு முதலில் வேண்டும். சிறிது பிராண வாயு கசிந்து உட்புகுந்தாலும், கிரணம் எழுப்பிய எலெக்ட்ரான்களை அது விழுங்கிவிடும். உயர்ந்த வோல்ட் மின்சாரம், ஈயத் தடுப்பு, கதிரியக்கப் பொருளை வைத்துக்கொள்ள ஸர்க்கார் அநுமதி ஆகியவையும் வேண்டும். அளவுகோலாக இரும்பு-55 இருக்கிறது. அதன் கிரணம் 5.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். காட்மியம்-109 தருவது 22. இரண்டு புள்ளி கிடைத்தால் கோடு இழுக்கலாம் அல்லவா? ஆனால் இரும்பு-55-ன் பலம் சுமார் 2.7 வருஷத்தில் பாதியாகிவிடும். வாங்கிய தேதியை மறந்தவன் தொலைந்தான்.

அதிர்வு ஒழுங்குபட்ட கிரணத்தைப் பெறுவது அவ்வளவு கஷ்டமல்ல. சாதாரண எக்ஸ்-ரேயை ஒரு பொருளில் செங்கோணமாய்ச் சிதறச் செய்தால் போதும். ஒழுங்கே இல்லாத கிரணத்தைக் காட்டும்போது கருவி "ஒன்றுமில்லை" என்று சொல்கிறதா என்பதே கடினமான பரீட்சை. எண்ணிகளில் ஒன்று மற்றதைவிடச் சற்று மந்தமாயிருந்தாலும், இல்லாத ஒழுங்கு இருப்பதுபோல் தோன்றும். அதனால்தான் கருவியைச் சுழற்றிச் சுழற்றி எண்ணுகிறார்கள்.

நமது மாணவர்கள் இப்போது கம்பியை இணைக்குமுன் முள் நிற்கும் இடத்தை நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். அந்தப் பழைய அம்மீட்டரை நாம் எறிந்துவிடவில்லை. வருஷாரம்பத்தில் முதல் வகுப்பன்று அதைத்தான் மேஜைமேல் வைக்கிறோம்.