குச்சி மனிதர்களும் கூர்மண்டையரும்

குராய்டன், லண்டன்

அன்புள்ள மருமகனுக்கு,

"குச்சி குச்சியா வரைஞ்ச பொம்மையை இருபது வருஷமா யாராச்சும் படிப்பாங்களா மாமா?" என்று நீ கேட்டதற்குப் போனில் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆபீஸ் போகும் ரயிலில்தான் பதில் தோன்றியது. எழுதிவிடுகிறேன். உன் அம்மா படித்துவிட்டு, "இவனுக்கு இன்னும் புத்தி வரலை" என்பாள். சொல்லட்டும், அவள் அதை 1984-லிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ பார்த்த அந்தக் கதையின் பெயர் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்'. ரிச் பர்லூ என்ற அமெரிக்கர் 2003 செப்டம்பரில் இணையத்தில் தொடங்கினார். 1,300 பக்கங்களைத் தாண்டியும் இன்னும் முடியவில்லை. கதை, வசனம், ஓவியம் எல்லாம் அவர் ஒருவரே. உருண்டைத் தலை, கோடு போட்ட கைகால், வாளுக்கு ஒரு கோடு, மந்திரக்கோலுக்கு ஒரு கோடு. முதல் பக்கமே ஒரு ஜோக்தான். அந்த வருஷம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் விதிகளைத் திருத்தி வெளியிட்டிருந்தார்கள். பாதாளத்தில் பூதங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கதையின் நாயகர்கள் ஆறு பேருக்கும் நடுச்சண்டையில் பழைய விதி போய்ப் புது விதி வந்துவிடுகிறது. அந்த விளையாட்டு தெரியாதவனுக்கு ஏதோ குடும்பச் சண்டையை ஜன்னல் வழியாகக் கேட்கிற மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் போகப்போக அந்த ஜோக்குகளுக்கு அடியில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருப்பது புரிந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கதை தெரிந்துவிடுமே என்று பயப்படாதே, சொன்னாலும் குறைகிற கதை இல்லை இது. வார்சூவியஸ் என்று ஒரு மந்திரவாதி உண்டு. ஆணா பெண்ணா என்று இன்றுவரை ஆசிரியர் சொல்லவில்லை. ஆரம்ப காலத்தில், ஏதோ ஓர் உலோகத்தைத் தேடிப் போகிற இடத்தில், குறுக்கே வரும் இளம் கறுப்பு டிராகனை அந்த மந்திரவாதி ஒரே மந்திரத்தில் சாம்பலாக்குகிறது. நாமும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். சில வருஷம் கழித்து அந்த டிராகனின் தாய் வருகிறாள். "என் பிள்ளையைக் கொன்றாயே, உன் பிள்ளைகளைக் கொல்கிறேன்" என்று மந்திரவாதியின் வீட்டு வாசலில் நிற்கிறாள். பிள்ளைகளைக் காப்பாற்ற மந்திரவாதி நரகத்துக்காரர்களிடம் ஆத்மாவை அடகு வைத்துச் சக்தி வாங்குகிறது. தாயைக் கொன்றதோடு நிற்கவில்லை. பின்னால் ஒருவரும் பழிவாங்க வரக்கூடாது என்று, அவளோடு ரத்த சம்பந்தம் உள்ள ஒவ்வோர் உயிரும் சாகும்படி ஒரு மந்திரம். கறுப்பு டிராகன்களில் கால்வாசி ஒரே பக்கத்தில் அழிந்துபோகிறது. இது 2009-ல் வந்த பக்கம். இன்னும் சில வருஷம் கழித்து, பாலைவனத்தில் ஒரு பிரமிடு. உள்ளே மனிதர்கள், ஒரு குடும்பம் மொத்தமும், உட்கார்ந்த இடத்திலேயே பிணமாகக் கிடக்கிறார்கள். யார் கொன்றது என்று எல்லோரும் மண்டையைக் குடைந்துகொள்ள, மந்திரவாதியின் முகம் மட்டும் மாறுகிறது. அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் எங்கோ ஒரு சொட்டு டிராகன் ரத்தம் கலந்திருந்தது.

முகம் என்றா சொன்னேன்? ரெண்டு புள்ளி, ஒரு கோடு. அந்தக் கோடு கொஞ்சம் வளைந்ததைப் பார்த்து நான் ஆபீஸ் கேன்டீனில் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். நான் சிரித்துவிட்டுத் தாண்டிப்போன ஒரு பக்கம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து நிற்கிறதே! இரண்டரை மணி நேர சினிமாவில் இதைச் செய்யவே முடியாது. ஒரே வாரத்தில் மொத்தமாகப் படித்து முடிக்கிறவனுக்கும் இது இப்படி உறைக்காது. கதைக்குள் ஓடுகிற காலத்தோடு வாசகனின் காலமும் ஓடியிருக்க வேண்டும். அவன் மறந்தும் இருக்க வேண்டும், முழுசாக மறக்காமலும் இருக்க வேண்டும்.

உன் தலைமுறைக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே வருகிறது. நான் பம்மலில் படித்து வளர்ந்த காமிக்ஸ் நாயகர்கள் யாருக்கும் ஞாபகசக்தியே கிடையாது. 1972-ல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இதழுக்கு இதழ் உலகத்தைக் காப்பாற்றுவார். அடுத்த இதழில் போன தடவை யாரைக் காப்பாற்றினார் என்பது அவருக்கே தெரியாது. 1984-ல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் தன் 17 வயதில் லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். அதில் வந்த ஸ்பைடரும் அப்படித்தான். கூர்மண்டையர் என்று நாங்கள் செல்லமாகச் சொல்வோம், வாரிவிட்ட முடியும் காதும் அப்படி இருக்கும். ஹெலிகாரில் பறப்பார், வலைத் துப்பாக்கியால் சுடுவார், போலீஸைத் திட்டுவார். அடுத்த கதையில் மறுபடி ஒன்றாம் வகுப்பு. அம்புலிமாமா வேதாளத்துக்கும் அதே கதிதானே? மாதா மாதம் முருங்கை மரம். 2020-ல் மறைந்த ஓவியர் சங்கர் அரை நூற்றாண்டு வரைந்தும் விக்கிரமாதித்தனின் தோளிலிருந்து அது பறந்துகொண்டேதான் இருந்தது.

ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையை நாங்கள் பார்த்தோம். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய மிக்ஸிக்கும் சைக்கிள் டயருக்கும் நடுவே சாக்கு விரித்துப் பழைய புத்தகம் போட்டிருப்பார்கள். நாகல்கேணித் தோல் ஷெட்டு நாற்றத்தைத் தாண்டிப் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளறுவோம். அட்டை இருக்காது, கடைசிப் பக்கம் இருக்காது. ஆனாலும் உள்ளே ஒரு கட்டத்தைப் பார்த்தே எந்தக் கதை, எந்த வருஷத்துத் தீபாவளி மலர் என்று சொல்கிற பையன்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். இல்லாத கடைசிப் பக்கத்தை வாயாலேயே சொல்வார்கள், ஒருத்தன் சொன்ன மாதிரி இன்னொருத்தன் சொல்ல மாட்டான். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேல் போகும்போது மட்டும் கதை நிற்கும்.

'இரத்தப் படலம்' வந்ததும் இந்த விளையாட்டு உச்சத்துக்குப் போனது. பெல்ஜியத்தில் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-ல் தொடங்கிய தொடர். தலையில் குண்டடி பட்டுக் கடற்கரையில் ஒதுங்குகிறவனுக்குத் தான் யார் என்றே தெரியாது. உடம்பில் பச்சை குத்திய பதின்மூன்று என்ற எண் மட்டும் இருக்கிறது. நாயகனுக்கு நினைவு இல்லை, வாசகனுக்கோ பாகம் இல்லை. தமிழில் பாகங்கள் விட்டுவிட்டு, வருஷக்கணக்கான இடைவெளியில் வந்தன. மூன்றைப் படித்தவனுக்கு இரண்டு கிடைத்திருக்காது. ஐந்து வருவதற்குள் நாலாவதை யாராவது இரவல் வாங்கிப் போயிருப்பான். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள்கூட முழுக்கதையும் தெரியாமல் தவித்தார்கள். 2010-ல் அதுவரை வந்த பாகங்களைச் சேர்த்து, 800 பக்கங்களுக்கு மேல், ஒரே தொகுப்பாக லயன் வெளியிட்டது. முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கினார்கள். என் பிரதியை உன் அப்பாதான் வாங்கி வைத்திருந்தார். இரண்டு கிலோ சாமானுக்குப் பதிலாக அதை விமானத்தில் எடுத்துவந்தேன், அக்கா கொடுத்த வடகம் அந்த வருஷம் பம்மலிலேயே தங்கிவிட்டது.

இந்த ஊருக்கு வந்து பார்த்தால் இன்னொரு வேடிக்கை. மாயாவி பிறந்தது லண்டனில். 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழில். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ. ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர், ஆச்சரியப்படாதே, சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். 'வேலியண்ட்' 1976-லேயே மூடிவிட்டது. அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நெற்றியைச் சுருக்கி, "கை ஒன்று பறக்குமே, அதுவா?" என்பார்கள், அவ்வளவுதான். 2021-ல் இங்கே ரெபெல்லியன் நிறுவனம் அழகாக மறுபதிப்பு போட்டது. கடையில் என்னைத் தவிர அதைப் புரட்டிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை. பிறந்த ஊர் மறந்த பிள்ளையைச் சிவகாசி ஐம்பது வருஷமாகச் சோறு போட்டு வளர்த்திருக்கிறது.

இதைச் சொல்லிப் பெருமைப்படலாம்தான். ஆனால் பழைய ரசிகர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ ஆகிய மும்மூர்த்திகளை மறுபடி மறுபடி அச்சிடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆசிரியர் விஜயன் ஐரோப்பாவிலிருந்து புதுசாக ஒரு கிராஃபிக் நாவலைத் தேடிக் கொண்டுவந்தால் அழுகாச்சிக் கதை என்று முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் கேட்பது மாயாவியை அல்ல, அரை டிராயர் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த தங்களை. அதை எந்த அச்சகம் தர முடியும்? எனக்கும் அந்தப் பழைய தாள் வாசனை பிடிக்கும். ஆனாலும் முடிந்துபோன கதையை ஐந்தாவது தடவை வாங்குவதைவிட, முடியாத கதையின் அடுத்த பக்கத்துக்குக் காத்திருப்பது மேல் என்பது என் கட்சி. இந்த வாக்கியத்துக்காகவே சிலர் என்னோடு பேச்சை நிறுத்துவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் லயன் ரசிகர் கூட்டமும் பர்லூவின் வாசகர் கூட்டமும் ஒன்றுதான்: காசை முன்னால் கொடுக்கும். 2012 ஜனவரியில், நீண்ட தடுமாற்றத்துக்குப் பிறகு, லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று 100 ரூபாயில் கலர்ப் பக்கங்களோடு வந்தது. நியூஸ்பிரிண்டில் பத்து ரூபாய்ப் புத்தகம் பார்த்துப் பழகியவர்கள் வாங்குவார்களா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். வாங்கினார்கள், சந்தாவும் கட்டினார்கள். அதே சமயத்தில் அமெரிக்காவில் பர்லூ, தீர்ந்துபோன ஒரு தொகுப்பை மறுபடி அச்சிடப் பணம் வேண்டுமென்று கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் கேட்டார். கேட்டது 57,750 டாலர். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட 15,000 பேர் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் டாலர் கொட்டினார்கள். ராணி காமிக்ஸ் 1984-லிருந்து 2005 வரை ஓடிவிட்டு நின்றபோது அதன் பின்னால் எவ்வளவு பெரிய பத்திரிகைக் குழுமம் இருந்தது! சிவகாசியிலோ ஒரு குடும்பமும் சில ஆயிரம் பிடிவாதக்காரர்களும். எது நிலைத்தது பார்.

கொடுத்தவனுக்கு உரிமை வந்துவிடுகிறது என்பதும் உண்மை. அதே 2012 செப்டம்பரில் பர்லூவுக்குக் கையில் கண்ணாடி வெட்டி நரம்பு அறுந்தது. மாதக்கணக்கில் வரைய முடியவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கே உள்ளுக்குள் முதலில் வந்தது, "அடுத்த பக்கம் எப்போது?" என்பதுதான். இப்போது பக்கம் வருகிற நாள் கிழமை எதுவும் கிடையாது, வரும்போது வரும். நீ படிக்கிற கொரியத் தொடர்களில் வாரம் தவறாமல், அதுவும் முழுக் கலரில், அத்தனை நீளப் படம் வருவதைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் எத்தனை கைகள் வலிக்கின்றன என்று யோசிக்கிறேன். உன் 'சோலோ லெவலிங்'கை வரைந்த ஜாங் சுங்-ராக் 2022-ல் 37 வயதில் இறந்துபோனார். காரணத்தை இதனோடு முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் ஒரு தொடர் ஏழு நாள் தாமதமானால் திட்டுவதற்கு முன்னால் அந்தப் பெயரை ஒரு தடவை நினைத்துக்கொள்.

பர்லூவின் கதை இப்போது கடைசிப் பாகத்தில் இருக்கிறது. அவரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். எனக்கோ அதில் சந்தோஷமே இல்லை. பக்கம் வந்தால் உடனே திறப்பவன், இப்போது ஒரு நாள் தள்ளிப்போட்டுப் படிக்கிறேன்.

நீ ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் பக்கத்திலிருந்து வா. நடுவில் குதிக்காதே, சுருக்கம் தேடாதே. முதல் நூறு பக்கம் ஜோக் புரியாவிட்டாலும் பொறுத்துக்கொள், எலும்புக்கூடு மந்திரவாதி ஸைகானின் வசனங்களுக்காகவாவது.

அப்புறம், பெயின்ட் அடிக்கப் பரணைக் காலி செய்யப் போவதாக அக்கா சொன்னாள். பச்சை டிரங்குப் பெட்டியில் இருப்பதை எடைக்குப் போட்டுவிடாதே. ராணி காமிக்ஸ் கட்டை மட்டும் வேண்டுமானால் வித்துக்கொள், ஆனால் சந்தைக்குக் கொண்டுபோகாதே, அங்கே கிலோ கணக்கில் கேட்பார்கள். தாம்பரத்திலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார், நம்பர் அனுப்புகிறேன். வித்த பணத்தில் இந்த வருஷ லயன் சந்தாவை உன் பெயரில் கட்டிவிடு. விலாசத்தில் பம்மல் என்று போட்டால் போதும். தாம்பரம் மாநகராட்சி என்று நீட்டி எழுதினால் கூரியர்காரர் தாம்பரத்துக்கே போய் நிற்பார்.

இப்படிக்கு,
உன் மாமா