பீரோவும் ஓர் ஆபீஸ்தான்!

எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் கல்யாணச் சீர் என்றால் கட்டில், மெத்தையோடு ஸ்டீல் பீரோவும் வந்தாகணும். கடல் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது வேறு விஷயம்! ஆனால் 'பீரோ' பிரெஞ்சுச் சொல் என்பது தெரியுமோ?

பழைய பிரெஞ்சில் 'பூரெல்' என்றால் முரட்டுக் கம்பளித் துணி. கணக்கு எழுதும் மேஜை மேல் அதை விரித்தார்கள். துணியின் பெயர் மேஜைக்கு வந்தது, பிறகு மேஜை இருந்த அறைக்கு, அப்புறம் ஆபீசுக்கே! ஆங்கிலத்தில் இழுப்பறை வைத்த எழுதுமேஜைக்கும் அதே பெயர். நமக்கோ அது அலமாரி.

நகைக்கு ஹால்மார்க் தருவது 'பீரோ ஆஃப் இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ்'. அதாவது, நம் பீரோவில் இருக்கும் வளையலில் இன்னொரு பீரோவின் முத்திரை!

என் மாமியார் அதிகம் படிக்காதவர். ஆனால் அவர் பீரோவில் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் பாலிசி எல்லாம் தனித்தனி உறையில் இருக்கும். மாமனார் திடீரென்று காலமானபோது, எந்தக் காகிதம் எங்கே என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அத்தனையும் மேல் தட்டில்தான் வைப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததே, அப்போதுதான் அதன் அருமை எனக்கு நன்றாகப் புரிந்தது.

சகோதரிகளே, சாவி இடுப்பில் தொங்கினால் மட்டும் போதுமா? புடவைக்கு நடுவே என்னென்ன காகிதம் இருக்கிறது, எது யார் பெயரில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியணும். இந்த ஆபீசுக்கு நாம்தானே அதிகாரி!