கோடித் துணி வேண்டாம்

பழம்புடவைப் போர்வையைச் சரிபண்ணக் கொண்டுவருகிறவர்கள் கூடவே அரை மீட்டர் புதுத்துணியும் வாங்கி வந்துவிடுகிறார்கள். நிறம் கச்சிதமாகப் பொருந்தும். இருந்தாலும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கோடித் துணியைப் பழந்துணியில் ஒட்டுப் போடக்கூடாது என்பது பைபிளிலேயே இருக்கிறது. இயேசு அதை உவமையாகச் சொன்னார். எனக்கோ அது தொழில் விதி. புதுத்துணி முதல் சலவையில் சுருங்கும், சுருங்கும்போது சுற்றியுள்ள நைந்த துணியை இழுக்கும். ஒட்டு முழுசாக இருக்க, அதன் விளிம்பைச் சுற்றிப் புதுக் கிழிசல் விழும்.

நூலுக்கும் இதே கதைதான். பாலியஸ்டர் நூல் தான் அறாமல் துணியை அறுத்துவிடும். மெல்லிய பருத்தி நூல் என்றால் இழுபடும்போது நூல்தான் போகும். போனால் இன்னொரு முறை ஓட்டிக்கொள்ளலாம்.

ஒட்டுக்குத் துணி போர்வைக்குள்ளேயே இருக்கிறது. ஓரத் தையலை நாலு விரற்கடை பிரித்தால் போதும். மேலே வெளுத்துப்போன சுங்குடி, வெளிச்சம் படாத உள்மடிப்பில் அரக்குச் சிவப்பு மாறாமல் இருக்கும். அதற்குக் கீழே வேட்டி. அதற்கும் கீழே, நீல எழுத்து இன்னும் முழுசாகப் போகாத மாவுச் சாக்கு. மடிப்பில் மிஞ்சியிருக்கும் துணியை ஒட்டுக்கு வெட்டிக்கொள்வேன், அதிலேயே இழை உருவி ஊசியில் கோத்துக்கொள்வேன். வங்காளத்தில் காந்தா தைத்த பெண்களும் சேலைக் கரையிலிருந்துதான் வண்ண நூல் உருவினார்கள்.

ஒட்டு வைக்கும்போது பாவுக்குப் பாவு, ஊடைக்கு ஊடை ஒத்து வரவேண்டும். எது எது என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பார்ப்பேன். பாவு விறைத்து நிற்கும், ஊடை கொஞ்சம் இளகிக் கொடுக்கும். மாற்றி வைத்தால் துவைத்ததும் கோணிக்கொள்ளும்.

கலம்காரித் துணி இருந்தால் கறுப்புக் கோடுகள்தான் முதலில் உதிர்கின்றன. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கறுப்பு அது. இரும்பு நாளடைவில் பருத்தியை அரித்துவிடும். அங்கே ஊசி குத்தினால் ஓட்டைதான் பெரிதாகும். மெல்லிய நெட் துணியை மேலே விரித்து, சுற்றிலும் கெட்டியான இடத்தில் தைத்துவிடுவதோடு சரி.

"தையல் கோணலா ஓடியிருக்கு, மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்துடுங்கக்கா" என்பவர்கள் உண்டு. "அது உங்க பாட்டி கைம்மா, நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள்.

கொடுத்தனுப்பும்போது ஒன்று மட்டும் சொல்வேன்: ஈரப் போர்வையைக் கொடியில் போடாதீர்கள், தண்ணீர்க் கனத்திலேயே தையல் விட்டுவிடும். கட்டிலில் பரப்பி நிழலில் காயவிடுங்கள்.

பாலியஸ்டர் சேலையில் தைத்த போர்வை வந்தால் பெரும்பாலும் நான் வாங்குவதில்லை. துணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நூல்தான் விட்டிருக்கும். வீட்டிலேயே உட்கார்ந்து ஓட்டிக்கொள்ளலாம். அதற்குக் கூலி கேட்க எனக்கு மனசு வராது.